குதிக்கத் தயங்கிய கடற்கரைக்காரன்

அறுபதுகளின் தொடக்கம். விசாகப்பட்டினத்தில் கப்பல் மாலுமிப் பயிற்சியில் இருந்த நான், விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்திருந்தேன். இனி திரும்பிப் போகக் கூடாது என்ற முடிவோடுதான் வந்தேன்.

வேலை எனக்கு வராமல் இல்லை, வாய்தான் வரவில்லை. அதிகாரி கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் தொண்டையிலேயே நின்றுவிடும். உனக்குத் தன்னம்பிக்கை கிடையாது, கடலுக்கு லாயக்கில்லை என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். பூட்டு ஊர்க்காரன் வாய்க்கும் பூட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று பையன்கள் கேலி செய்வார்கள். கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; அவர்கள் சொல்வது சரிதான் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். தோல் கிட்டங்கியில் வேலை பார்த்து என்னை வளர்த்த அத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் வகுப்பிலேயே பெரிய வாய்க்காரன் ஒரு தூத்துக்குடிப் பையன். அவனிடம் மட்டும் என் முடிவைச் சொல்லியிருந்தேன். விடுமுறை முடிந்து திரும்பும் வழியில், என்னைக் கையோடு அழைத்துப்போக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். என்னென்னவோ பேசிப் பார்த்தான், நான் அசையவில்லை. பேச்சை மாற்றுவதற்காக வடமதுரைப் பக்கம் மாமாவின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே மாடு கட்டி இறைக்கிற பெரிய கமலைக் கிணறு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேலிருந்து குதித்துத்தான் நீச்சலே பழகுவார்கள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவன் மேலேயே நிற்கிறான்.

"ஏலே, குதி! தண்ணி அம்புட்டு ஆழம் கெடக்கு, ஒண்ணும் ஆவாது."

அவன் குதிக்கவில்லை. நான் படியேறிப் போனபோது உட்கார்ந்திருந்தான்.

"மேலருந்து குதிக்க எனக்குப் பயமா இருக்குலே. நாங்க கடல்ல நடந்துதான எறங்குவோம்? லீவு முடிஞ்சு போனதும் பயிற்சியில கப்பல் மேல்தட்டுலருந்து குதிக்கச் சொல்லுவாவ. அத நெனச்சு எனக்கு ஒறக்கமே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் என்னைத் தனியாகப் பயப்பட விட்டுவிட்டானே என்ற கோபம்.

அன்று முழுக்க நான்தான் பேசினேன். "கீழ பாக்காத. எதிர்ச் செவத்தப் பாத்து எட்டிக் குதி, அம்புட்டுத்தான்" என்று அதட்டினேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதலில் பாதிப் படியிலிருந்து குதித்தான், பொழுது சாய்வதற்குள் மேலிருந்தே குதித்துவிட்டான். மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டே கேட்டான்: "கப்பல்லயும் நீ பக்கத்துல நின்னு இப்பிடித்தாம்லே கத்தணும். வாறியா, இல்லியா?"

மறுநாள் இருவருமாக ரயில் ஏறினோம். அத்தாவிடம் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

அப்புறம் எத்தனையோ வருடங்கள் கப்பலில் வேலை பார்த்துவிட்டேன். பேச்சு எனக்கு இன்றும் குறைவுதான், ஆனால் அதற்காக நான் யாருக்கும் மட்டம் என்று அதன்பின் நினைத்ததில்லை. கெத்தையெல்லாம் விட்டுவிட்டு, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன அவனைவிடத் தைரியசாலியை எந்தக் கடலிலும் நான் பார்க்கவில்லை.