ஹட்டன் தொட்டி வீதியும் ஒன்பதாம் வீட்டுக் கடிதமும்

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அருவி, மலையுச்சி, கோயில் என்று எல்லோரும் போகிற இடங்களை விட்டுவிட்டு, யாரும் பார்க்கப் போகாத ஒரு தெருவைப் பார்க்கப் போவது. என்னோடு கொட்டகலையில் படிப்பித்த ஸ்டெல்லா டீச்சர் இப்போது ஹட்டனில் குடியிருக்கிறார். "எங்க தொட்டி வீதிக்கு வாங்க. பதினாலு வீடு, ஒரு கடைகூட இல்ல. காக்கா கத்துனா யாரு வீட்டு காக்கான்னு சொல்லிரலாம்" என்றார். பங்குனியில் மழையில்லாத ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

கந்தப்பளையில் காலை 6.40க்கு பஸ். நுவரெலியா 12 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அங்கிருந்து 7.30க்குத் தலவாக்கலை வழியாக ஹட்டன் பஸ், 9.35க்கு இறங்கினேன். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 270 ரூபாய். கடைசி இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள். வளைவுகளில் குடித்த தேநீர் திரும்பி வரப் பார்க்கும்.

பஸ் நிலையத்திலிருந்து வீதி ஒன்றேகால் கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டோவுக்கு 200 ரூபாய். ஓட்டியவர் சிவராஜா, அதே வீதியில் ஒன்பதாம் வீட்டுக்காரர். நான் டீச்சர் என்று தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். என் மக கவிதா நர்ஸ் ட்ரெயினிங்குக்குப் போட்டா. கூடப் போட்ட புள்ளைகளுக்கெல்லாம் லெட்டர் வந்திருச்சி. நாளன்னிக்கு வெள்ளிக்கெழம கண்டியில இன்டர்வியூவாம். இவளுக்கு மட்டும் இன்னும் வரல. நாலு நாளா புள்ள சரியா சாப்புடல."

 தபால்காரர் இன்றைக்காவது வரட்டும் என்றேன்.

வீதியின் முனையில் கருங்கல் மேடைமேல் ஓர் இரும்புத் தொட்டி நிற்கிறது. நீராவி ரயில் ஓடிய காலத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் குழாயில் இறங்குமாம். இப்போது தொட்டிக்குள் யாரோ டேலியா வளர்க்கிறார்கள். அதைத் தாண்டினால் ஒரே வரிசையில் பதினான்கு வீடுகள். எதிர்ப்பக்கம் பள்ளமும் தேயிலையும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து அறைகளைவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக நிலம் வாங்கிக் கட்டியவை. முதல் வீடு ஒரு தையற்காரருடையது, இரண்டாவது தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவருடையது. பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவதால் ரயில் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

ஆனால் வீட்டு கேட்டுகளில் எழுதியிருப்பதைப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஐந்தாம் வீட்டில் ‘சின்னக்காடு’. எட்டில் ‘கீழாத்துத் தோட்டம்’. ஒன்பதில் பச்சை பெயின்டில் ‘வெள்ளமலை’. எந்தக் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்ததோ, அந்தப் பெயர்தான் வீட்டுக்கு. வீட்டு எண்ணை எழுதியவர்கள் மூன்றே பேர்.

ஸ்டெல்லா கூட வர, நோட்டுப் புத்தகத்தில் பெயர்களைக் குறித்துக்கொண்டே எட்டாம் வீட்டு ராணியிடம், "அப்ப உங்களுக்குக் கடிதம் எந்தப் பேருக்கு வரும்?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ராணி சிரித்தார். "எங்களுக்கு நம்பருக்குத்தான் வரும் டீச்சர். இந்த சிவராஜா அண்ணனக் கேளுங்க! பன்னெண்டு வருசமா இங்க இருக்காரு. கேஸ் சிலிண்டர் கொண்டாறவனுக்கே தோட்டத்து அட்ரஸக் குடுத்த ஆளு!"

பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நின்ற சிவராஜாவும் சிரித்தார். ஒன்பதாம் வீட்டு வாசலில் நின்ற கவிதா சிரிக்கவில்லை.

"அப்பா, நர்ஸ் பாரத்துல அட்ரஸ நீங்க சொல்லச் சொல்லத்தானே எழுதுனேன்?"

"நெரந்தர வெலாசம்னு கேட்டுருந்தான்மா. நமக்கு நெரந்தரம்னா வெள்ளமலதானே?"

"எந்த மனுசனாச்சும் ரோட்டுல வீட்டக் கட்டிட்டு லயத்துல லெட்டர வாங்குவானா அண்ணே!" என்று ராணி தலையில் கைவைத்தார்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு: லயத்து வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் சொந்தக்காரர் கையில். ஆபீசுக்கு போன் போட்டோம். திங்கட்கிழமையே சிவராஜாவின் அக்கா பாக்கியத்திடம் கொடுத்தாயிற்றாம். பாக்கியத்தின் லயத்தில் சிக்னல் கிடைக்காது.

நால்வரும் ஆட்டோவில் ஏறினோம். நானும் ஸ்டெல்லாவும் பின்னால், கவிதா நடுவில். ஒன்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்.  கவிதா என் கையைப் பிடித்திருந்ததை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

பாக்கியம் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்தார். உறையின் மூலையில் மஞ்சளும் குங்குமமும்.

"கவருமென்டு கடிதாசி, நனஞ்சிறக் கூடாதுன்னு சாமிகிட்ட வச்சேன். ஞாயித்துக்கெழம லீவுல கொண்டாரலாம்னு இருந்தேன்."

"ஞாயித்துக்கெழம கொண்டாந்திருந்தா சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம் அத்த!" என்றாள் கவிதா. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. உள்ளே இருந்தது சரியாக அதேதான்: வெள்ளி, காலை 8.30, கண்டி.

திரும்பும் வழியில் சிவராஜா மறுபடியும் வேகத்தைக் குறைத்தார். "டீச்சர், நான் அங்கதான் பொறந்தேன். அத அழிச்சிட்டு எழுத மனசு வரலங்க." அதில் தவறில்லை என்றுதான் எனக்கும் பட்டது. பிறந்த இடத்தைக் கேட்டில் எழுதலாம். கடிதம் நாம் இருக்கிற இடத்துக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வீதியில் கடை இல்லை. தண்ணீர் கொண்டு போங்கள். காலை பத்துக்கு முன்னால் போனால் பனி விலகும் அழகைப் பார்க்கலாம். மடிக்கிற குடையும் மெல்லிய ஸ்வெட்டரும் போதும். கேட்டில் நின்று படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். அநேகமாகத் தேநீரும் வரும்.

சென்ற வாரம் கவிதாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. தேர்வாகிவிட்டாள். இன்டர்வியூவிலேயே விலாசத்தை மாற்றிக் கொடுத்தாளாம். கேட்டில் ‘வெள்ளமலை’க்குக் கீழே அதே பச்சை பெயின்டில் இப்போது ‘இல. 9’ இருக்கிறதாம். தேர்வுக் கடிதத்தோடு வந்த தபால்காரரை அவள் அப்பா நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, உறையைப் பிரிப்பதற்கு முன்னால் விலாசத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் இரண்டு தடவை.