கல்யாண நிரலின் மூலையில் ஒரு குடை

மெஷினிலிருந்து வெளியே வந்த தாள் இட்லித் துணி மாதிரி சூடாக இருந்தது... எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மை வாசனை. வெளியே ராஜபாளையம் கடைத்தெருவில் சாரல்.

என் கல்யாணத்துக்கு நானே வடிவமைத்து அடித்த நிகழ்ச்சி நிரல் அட்டை அது.

அப்போது ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீஸில் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். அட்டைப்பெட்டியில் ஒட்டும் லேபிளை கம்ப்யூட்டரில் தயார் செய்வது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் குரல் பாதியிலேயே கரைந்துபோகும்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அதனால் கல்யாணப் பத்திரிகையைப் பெரியப்பா அடித்து வந்தார். அழைப்பவர்கள், பெரியப்பாவும் பெரியம்மாவும். அதுதான் முறை. அம்மாவின் பெயர் ஒரு மூலையில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும்.

அம்மா பத்திரிகையைத் தடவிப் பார்த்து, "பிள்ளையார் கலரு நல்லா வந்துருக்குட்டி" என்றாள். அவ்வளவுதான்.

"முகூர்த்தத்தப்ப நீ எங்கம்மா நிப்ப?"

"நான் பந்தியப் பாத்துக்கிடுதேன். தாலி கட்டுத நேரத்துல என்னிய மாதிரி ஆளு மேடையில நிக்கக் கூடாதுட்டி. பொறவு வந்து திருநீறு பூசி விடுதேன்."

பெரியப்பாவிடம் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். நல்ல மனிதர். என் காலேஜ் அட்மிஷனுக்குக் கூட வந்தவர். "என்னட்டி?" என்று நிமிர்ந்தார்.

"தண்ணி கொண்டாரட்டா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸில் ஒரு பழைய லேபிள் ஃபைலைத் திறந்து, எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். பத்திரிகைக்கு எங்கள் பக்கம் ஏகப்பட்ட காவல். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். நிகழ்ச்சி நிரல் என்று ஒன்றை யாருமே பார்த்ததில்லை... அதனால் அதற்குக் காவலும் இல்லை.

மாப்பிள்ளை அழைப்பு. தாய்மாமன் மாலை. ஒவ்வொரு சடங்குக்கும் நேராக, அதைச் செய்பவர் பெயர். நடுவில் ஒரு வரி:

*தாலித் தட்டை மேடைக்குக் கொண்டு வருபவர்: மணமகளின் தாயார் செண்பகம்.*

மாப்பிள்ளைக்கு மட்டும் அதைப் போனில் அனுப்பினேன். "அப்படியே இருக்கட்டும்" என்று பதில் வந்தது.

பிரிண்டிங் கடை அக்கா வாசித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார்.

"வீட்டுல தெரியுமா?"

தலையை ஆட்டினேன், இல்லையென்று.

மவுஸை அந்த வரிக்குக் கொண்டுபோனார். "அம்மா பேர மட்டும் செத்தப் பெருசாப் போடட்டா?"

எல்லாம் அடித்து முடித்த பிறகு அவரே கேட்டார். "ஏட்டி, இதென்ன மூலையில ஒரு குடை?"

பார்த்தேன். சின்னக் குடை, அதன் மேல் இரண்டு துளி. பேண்டேஜ் பெட்டியில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்பதற்குப் போடும் படம். எழுத்தை அழித்தவள் அதை மறந்துவிட்டேன்... எல்லா அட்டையிலும் குடை!

"இருந்துட்டுப் போட்டும். வெளிய சாரல்தான அடிக்கி" என்று சிரித்தார். துப்பட்டாவுக்குள் அட்டைக் கட்டை அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது.

பெரியப்பா கட்டைப் பார்த்து, "இதென்னட்டி, சினிமா நோட்டீஸ் மாதிரி? சரி, பிள்ள ஆசைப்படுதா" என்று பிரிக்காமலே வைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று, மண்டப வாசலில் சந்தனத்தோடு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அக்னி அணையாமலிருக்க ஃபேன்களை நிறுத்தினார்கள். உடனே மண்டபம் முழுக்க என் அட்டையால் விசிற ஆரம்பித்தது. ஹோமப் புகைக்குள்ளிருந்து பார்க்க, மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறகடிப்பது போல... அந்தக் காட்சி இப்போதும் கனவில் வரும்.

மைக்செட் அண்ணாச்சி கையிலும் ஓர் அட்டை. அவருக்கு எழுதியிருப்பதை வாசிக்கத்தான் தெரியும். வாசித்தார்.

"அடுத்ததாக, தாலித் தட்டை மேடைக்குக் கொண்டு வருபவர், மணமகளின் தாயார், திருமதி செண்பகம் அவர்கள்!"

விசிறல் நின்றது.

"எந்த ஊருல நடக்கும் இது?" என்றார் ஓர் அத்தை.

"இந்த ஊருலதாம். அச்சடிச்சுக் கையில குடுத்துருக்காகல்லா, கண்ணாடியப் போட்டுப் பாரு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பந்தி வாசலில் அம்மா, கையில் கரண்டியோடு. நான் குனிந்துகொண்டேன். பெரியப்பா அட்டையை விரித்து வாசித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார். நாதஸ்வரக்காரர்கூட அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அச்சுல ஏறிருச்சு, ஊரே வாசிச்சிருச்சு..." என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "ஏம்மா செண்பகம், பேரச் சொல்லிக் கூப்பிடுதாகல்லா. கரண்டிய வச்சிட்டு வா!"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாலித் தட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். சாம்பார் வாசனையும் மல்லிகை வாசனையும் சேர்ந்து வந்தது. என் மடியில் இருந்த அட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. சரியாக அந்தக் குடையின் மேல்.

இப்போது கல்யாண அழைப்பெல்லாம் போனில் வீடியோவாக வருகிறது. பாட்டும் பூமழையும்... அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து விசிற முடியாது. சூடாகக் கன்னத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

போன வாரம் பெரியப்பா கூப்பிட்டார். அவர் மகளுக்குக் கல்யாணம்.

"ஏட்டி, அந்த அட்டைய நீயே அடிச்சிரு. தாலித் தட்டுக்கு உங்கம்மா பேரப் போடு. பொறவு..."

"சொல்லுங்க பெரியப்பா."

"மூலையில அந்தக் குடையப் போட மறந்துராத. அது நம்ம வீட்டு வழக்கம்லா."