கெளிற்று முள்ளும் என் கையும்

கெளிற்று மீனின் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று எங்கள் முல்லைத்தீவுக் கரையில் எல்லாருக்கும் தெரியும். மலைபோன்ற ஆளும் "அம்மா" என்று குழறுவான். ஒருநாள் கடனீரேரியில் வீச்சுவலையிலிருந்து மீன் கழற்றும்போது அந்த முள் என் வலது சின்னவிரலுக்குக் கீழே ஆழமாக ஏறியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கூட வந்த மச்சான்தான் இரத்தத்தைக் கண்டு கத்தினான். "எங்கடை கை இரும்படா" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். சந்தைவரை போய் அந்தக் கதையை அளந்தேன். முன்கையில் கிடந்த வெளிறிய படையைத் தேமல் என்று விட்டிருந்தேன்.

எங்களுக்குப் பெண்பிள்ளை பிறந்து சில வாரங்கள்தான். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மருத்துவமாது என் கைப்புண்ணைக் கண்டுவிட்டார். அதில் சீழ் வைத்திருந்தது.

"நோகேல்லையோ?"

"கொஞ்சமும் நோகேல்லை" என்றேன், பெருமையாகத்தான்.

அவர் தேமலையும் தொட்டுப் பார்த்தார். "வாற கிழமை தோல் கிளினிக்குக்குக் கட்டாயம் போங்கோ. தொழுநோயோ எண்டு பாக்கோணும்."

எனக்கு உயிரே போய்விட்டது. தேவாலயப் பூசையில் பைபிள் வாசிக்கக் கேட்டிருக்கிறேன், அந்த நோயாளிகள் தூரத்தில் நின்றுதான் கூப்பிடுவார்கள். நானும் தூரத்தில் நின்றேன். சாப்பாட்டுக் கோப்பையை வேறாக்கி, வலைக் கொட்டிலில் படுத்தேன். பிள்ளை வீரிட்டு அழுதாலும் உள்ளே போகவில்லை. "தகப்பன்ரை மடி தெரியாமலோ இது வளரப்போகுது?" என்று மனைவி அழுதாள்.

கிளினிக்கில் டொக்டர் அம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தேமலிலும் விரலிலும் பஞ்சு படும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. பட்டால்தானே சொல்வதற்கு!

"தொழுநோய்தான்" என்றார்.

"என்னை எங்கை அனுப்பப் போறியள்?"

"வீட்டைதான்" என்று சிரித்தார். "குளிசையை ஒழுங்காய்ப் போட்டால் மாறும். போடத் தொடங்கினால் மற்றவைக்குத் தொத்தாது. மனிசியையும் பிள்ளையையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவையையும் பாப்பம். இனிக் கையுறை இல்லாமல் மீன் கழற்றாதேங்கோ."

"பிள்ளையைத் தூக்கலாமோ?"

"ஓம், தாராளமாய்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின அழுகை அது. முதல் குளிசையை அங்கேயே விழுங்கினேன்.

வீட்டில் மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிள்ளை என் வலது சின்னவிரலைப் பிடித்தாள். பிடித்ததைக் கண்ணால்தான் பார்த்தேன். மெல்ல அதை விடுவித்து மற்றக் கையைக் கொடுத்தேன். அம்மாடி, என்ன இறுக்கு!