பலாமரத்தில் மூன்று ஆணி

1. பிளேடு

ரம்பத்தின் குரல் திடீரென்று மாறியது. சீராக இரைந்துகொண்டிருந்தது கீச்சிட்டது, பொறி பறந்தது. மில்காரர் சீனிச்சாமி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். பேண்ட் சா பிளேடில் பல் போயிருந்தது.

"யோவ் கிட்டார்காரரே, மரம் கொண்டாரச் சொன்னா இரும்புக்கடையவே தூக்கிட்டு வந்திருக்கீரு!"

பலாவின் மஞ்சளுக்குள் மை கொட்டியது போல ஒரு நீலக் கறை. அதன் நடுவில் துருப்பிடித்த ஆணி.

"இனி என் பிளேடு இதுல இறங்காது. விறகுக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாரும்."

தேனியில் கிட்டார் செய்கிறவன் நான். பேக்கும் சைடும், அதாவது கிட்டாரின் முதுகும் விலாவும், நம் பக்கத்து மரத்தில்தான் வேண்டும் என்று ஒரு பாடகர் ஆர்டர் கொடுத்திருந்தார். ஈட்டி மரம் என்றால் வனத்துறை அனுமதிக்கு நடக்க வேண்டும். மேகமலை அடிவாரத்தில் பார்த்த பலாக்கள் ஒன்று ஈரம், இல்லையென்றால் முறுக்கு. பள்ளத்தாக்கு முழுக்க பைக்கில் அலைந்ததில் காய்ந்து, நேர் ரேகையோடு கிடைத்தது இது ஒன்றுதான். இது அடுப்புக்குப் போனால் ஆர்டரும் போகும்.

2. கேட்டதும் கேட்காததும்

மரம் ராயப்பன்பட்டி லூர்தம்மாவின் தோட்டத்தில் நின்றது. காற்றில் சாய்ந்த பிறகு மாட்டுக்கொட்டகையில் கிடந்து காய்ந்தது. வாங்கப் போன அன்று விரல் கணுவால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். கணீரென்று பேசிய மரம் ஓரிடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டது. முடிச்சாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் கேட்டேன்.

"அக்கா, துணி காயப்போட, மாடு கட்ட ஏதும் ஆணி அடிச்சீகளா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. கொடி அங்கன வேம்புலதான் கட்டுவோம்."

மாதா படம் வைக்க ஒரு பலகை வேண்டும் என்று அவரும் டெம்போவில் கூடவே மில்லுக்கு வந்திருந்தார். இப்போது அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது கொடிக்கு அடிச்சதில்ல. காய்க்கலேன்னு அடிச்சது."

சீனிச்சாமிக்குக் கோபம் பாதி இறங்கியது. "ஆமா, ஆணி அடிச்சா காய்க்கும்னு காய்க்காத மரத்துக்கு அடிப்பாக. எங்க தோட்டத்துலயும் அடிச்சிருக்காக."

"நான் கல்யாணமாகி வந்த புதுசு. எனக்கும் வயித்துல ஒண்ணும் தங்கல. மாமியா அடிச்சாக, நான்தான் ஆணி எடுத்துக் குடுத்தேன். 'ரெண்டும் ஒரே சாதிதான்'னு சொல்லிச் சொல்லி அடிச்சாக."

"மரம் காய்ச்சதாக்கா?"

"மறு வருசமே காய்ச்சது. அதுக்கப்புறம்தான் தம்பி எனக்குத் தாங்கல. மரமே காய்ச்சிருச்சு, உனக்கென்ன கேடுன்னாக."

மெஷினுக்கு அப்போது எண்ணெய் விட வேண்டியதில்லை. ஆனாலும் சீனிச்சாமி எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

3. மூன்று துண்டு

"இன்னும் ரெண்டு இருக்கு," என்றார் லூர்தம்மா.

மூலையில் கிடந்த ஒரு கம்பை எடுத்துத் தரையில் ஊன்றித் தன் உடம்போடு வைத்துக் காட்டினார். ஒன்று இடுப்பளவு, ஒன்று தோளளவு. மரம் வளர்ந்தாலும் ஆணி அடித்த உயரத்திலேயே இருக்கும். அந்தக் கம்பை மரத்தின் அடியோடு சேர்த்துப் படுக்கவைத்து இரண்டு இடத்தில் சாக்பீஸ் போட்டேன். தோளளவுக் கோடு, நான் தட்டியபோது மரம் பேசாமல் போன அதே இடம்.

"எங்கன இருக்குன்னு தெரிஞ்சா சரி," என்று சீனிச்சாமி புது பிளேடு மாட்டினார். "பாத்துக்கிடுங்க ஆத்தா, இதுவும் போச்சுன்னா நான் உங்க வீட்டுலதான் சோறு திங்கணும்."

"வாங்க. பலாக்கொட்டைக் குழம்பு வைக்கிறேன்."

கோடுகளைச் சுற்றிக் கறையை ஒதுக்கி அறுத்தோம். சைடுக்கு நீளம் தேறியது. பேக்குக்கு வேண்டிய அகலம் கிடைக்கவில்லை. வழக்கமான இரண்டு துண்டுக்குப் பதில் மூன்று துண்டாக ஒட்ட வேண்டியதாயிற்று. கிட்டார் முடிந்ததும் பாடகர் அதைத் தோளில் மாட்டி ஒரு ஸ்ட்ரோக் அடித்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கறை படிந்த பலகை வேண்டாம், நல்லதில் ஒன்று தருகிறேன் என்று லூர்தம்மாவிடம் சொன்னேன். கறை உள்ளதையே வாங்கிக்கொண்டார். அதிலிருந்து பிடுங்கிய ஆணியை மட்டும் மில் வாசலிலேயே பழைய இரும்போடு போட்டுவிட்டுப் போனார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். காந்தம் எல்லாரும் வைத்திருப்பீர்கள்; ஆழத்தில் இருப்பதை அது காட்டாது. பலா பார்க்கப் போனால், எந்த வயதில் காய்த்தது என்று முதலில் கேளுங்கள்; தாமதமாகக் காய்த்ததென்றால் உள்ளே ஆணி இருக்கலாம். வீட்டு ஆண்கள் உடனே ஏதோ ஒரு பதில் சொல்வார்கள். பெண்கள் சொல்லும்வரை நில்லுங்கள்.