கட்டினவர்

என் தம்பிக்குக் கௌபாய்ப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தமிழில் குரல் கொடுத்த பழைய படங்களை ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டு, கச்சான் கடலைத் தோட்டத்துக் காவல் குடிலில் காலை நீட்டிப் படுத்தபடி பார்ப்பான். பார்த்ததை யாரிடமாவது அளக்காவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. நான் வரலாறு படிப்பிக்கிறவள் என்பதால் பெரும்பாலும் நான்தான் அகப்படுவேன்.

"அக்கா, நாங்கள் அங்க பிறந்திருக்கோணும். ஆளுக்கொரு துவக்கு. பண்டி வந்தால் ஒரே வெடி. ஒருத்தரிட்டயும் கேட்டு நிக்கத் தேவையில்லை."

வரலாற்றைப் பிழையாகச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொந்தத் தம்பி என்றும் பார்க்கமாட்டேன். படத்தில் காட்டுவது பாதிப் பொய் என்றேன். அமெரிக்காவின் மேற்கு எல்லையில் புதிதாக முளைத்த ஊர்கள் பலவற்றில், துவக்கோடு வந்தவர் அதைக் காவல் அதிகாரியிடமோ தங்கும் விடுதியிலோ கொடுத்துவிட்டுத்தான் தெருவில் நடமாடலாம். திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர் எல்லையில் அதற்கென்று பலகைகூட நட்டிருந்தார்கள். மீறினவனுக்குத் தண்டம், இல்லையென்றால் மறியலில் அடைப்பு.

"அது ஊருக்குள்ள," என்றான். "காட்டோரத்தில தோட்டம் செய்தவனுக்கு என்ன சட்டம்?"

"காட்டோரத்தில அவனவன் பாடு."

"பாத்தியளே! அதைத்தான் நானும் சொல்லுறன்," என்று சிரித்தான்.

எங்களுடையதும் காட்டோரம்தான். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் எங்கள் ஆட்கள். கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்து, நெடுங்கேணிக்கு அப்பால் பற்றையை வெட்டிக் குடியேறினார்கள். அங்கே அப்பா விட்டுப் போன காணியில்தான் தம்பி கச்சானும் மரவள்ளியும் போட்டான். காய் முற்றுகிற காலத்தில் காட்டுப் பன்றிகள் கூட்டமாக வந்து கிளறிவிட்டுப் போகும். யானையை விரட்ட அரசாங்கம் கொடுக்கிற வெடியைக் கொளுத்திப் போட்டால் முதல் கிழமை ஓடின. பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, புகை அடங்க வந்து தின்றன.

முறையாகத் துவக்கு அனுமதி கேட்டும் பார்த்தான். கிராம அலுவலரிடம் போனான், பொலிசுக்குப் போனான், மாவட்டக் கச்சேரிக்குப் போனான். பதில் வரவே இல்லை. யாரைக் குறை சொல்வது? இந்த மண்ணில் ஒருவன் தனக்குத் துவக்கு வேண்டும் என்று கேட்டால் யார்தான் ஒரு மாதிரிப் பார்க்கமாட்டார்கள்? இத்தனைக்கும் சண்டைக் காலம் முழுவதும் துவக்கைத் தொடாமல் தப்பிப் பிழைத்தவன் அவன். எந்தப் பக்கத்துத் துவக்கைக் கண்டாலும் எனக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டவன்.

ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, உங்கட அமெரிக்காவில கட்டுத்துவக்கும் இருந்ததோ?"

கட்டுத்துவக்கு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாமான். மிருகம் வருகிற வழியில் நாட்டுத் துவக்கு ஒன்றை மரத்தோடு கட்டி, அதன் விசையிலிருந்து மெல்லிய கம்பியை வழிக்குக் குறுக்கே இழுத்து விடுவார்கள். கால் தட்டினால் வெடிக்கும். சட்டப்படி குற்றம். என்றாலும் காட்டோரத்தில் அங்கங்கே கட்டத்தான் செய்கிறார்கள்.

இருந்தது என்றேன். ஓநாய்க்கும் கரடிக்கும் கட்டினார்கள், கள்ளனுக்குப் பயந்து கதவிலும் கட்டினார்கள். பாதை தெரியாமல் வந்த மனிதர்கள் செத்து, வழக்குகள் வந்த பிறகு பல இடங்களில் தடுத்துவிட்டார்கள்.

"கட்டினவன் வீட்டில நித்திரை கொண்டாலும், அது அவன்ர வெடிதான். சட்டம் அப்பிடித்தான் சொல்லும்."

"பண்டிக்குக் கட்டினாலுமோ?"

"ஆருக்குக் கட்டினாலும் கம்பிக்கு ஆள் தெரியாதடா."

வழமையாக ஒன்றுக்கு ஒன்பது கதை சொல்கிறவன் அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனான். வாயாடியின் வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

அந்தப் போகத்துக் கச்சான் பிடுங்கும் முன்னே அவன் செத்துப் போனான்.

விடிந்தும் விடியாத நேரம். பக்கத்துக் காணிக்காரரின் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு இரண்டு காணிக்கும் இடையில் பன்றி நுழைகிற வேலிப் பொட்டுக்கு ஓடியிருக்கிறது. தோட்டத்தில் நின்ற தம்பி அதை மறிக்கக் குறுக்கே பாய்ந்திருக்கிறான். பொட்டில் இருந்த கட்டுத்துவக்கு வெடித்தது. அந்த மனிதர்தான் அவனைத் தூக்கி உழவு மெசினில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

தம்பி அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவான். இரண்டு பேரும் ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்துக்கொண்டவர்கள். ஆனால் துவக்கு கட்டியிருந்த பாலை மரம் அவருடைய காணிக்குள் நின்றது. பொலிஸ் கேட்டபோது, "எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா," என்றதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. சுடலையிலிருந்து நாங்கள் திரும்பிய பின்னேரம் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் நீதிமன்றத்தில் நிறுத்துவதாகக் கதை வந்தது. செத்தவீட்டில் இருந்த சொந்தங்கள் எல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நானும்தான் திட்டினேன்.

தம்பியின் மனைவி என்னைக் கையைப் பிடித்துக் குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். விறகுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். உள்ளே மிச்சக் கம்பிச் சுருள்.

"மச்சாள், அது இவர் கட்டினது. அந்த அண்ணை தன்ர மரத்தில கட்ட மட்டும்தான் விட்டவர். இவரைக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். நாளைக்கு நான் போய்ச் சொல்லப் போறன்."

அவன் மேல் வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட எங்கள் தாய்மாமா பாய்ந்து விழுந்தார்.

"தாலி கழட்டின அடுத்த நாளே பொலிசுக்குப் போறதோ? செத்தவன்ர பேரை ஏன் சந்திக்கு இழுக்கிறாய்?"

"உயிரோட இருக்கிற மனுசனை உள்ள தள்ளிப்போட்டு எனக்குச் சோறு இறங்காது மாமா," என்றாள் அவள்.

விடிந்ததும் இருவரும் போனோம். பொலிஸ் நிலையத்துச் சுவரோர வாங்குப் பலகையில் அந்த மனிதர் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் அவரைப் பார்க்காமல் நேரே மேசைக்குப் போனாள்.

அதிகாரி சிங்களவர். தமிழ் ஓரளவு பேசுவார், தன்மையானவர்.

"அம்மா, துவக்கு யார் கட்டினது?"

"கட்டினவர்," என்றாள்.

அவர் பேனையை நிறுத்தினார். "அதுதான் அம்மா கேக்கிறது. எந்தக் கட்டினவர்?"

அவளுடைய கை, தாலி இல்லாத கழுத்துக்குப் போனது.

"என்னைக் கட்டினவர், ஐயா. அவர்தான் அதையும் கட்டினவர்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, "சொந்தமாகக் கட்டினது என்றால், தெரிந்துகொண்டு ஏன் அந்த இடத்துக்குப் போனது?" என்று கேட்டார்.

"அவிழ்க்க. சனம் நடமாட முன்னம் ஒவ்வொரு விடியவும் ஓடிப்போய் அவிழ்க்கிறவர். அண்டைக்குக் கன்று முந்தி வந்திட்டுது."

வாங்கில் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஏன் பிள்ளை சொன்னனீ? நான் உள்ள இருந்திட்டு வந்திருப்பனே," என்றார். நான் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். அவரைத் திட்டின வாயால் அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டினவன் நித்திரை கொண்டாலும் வெடி அவனுடையது என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். நித்திரை கொள்ளாமல் விடியவிடிய விழித்திருந்து, ஒருவர் காலும் படமுன் அவிழ்க்க ஓடினவனுக்குச் சட்டம் என்ன சொல்லும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காதைப் பிடித்துத் திருகி, அந்தக் கம்பியை என் கையாலேயே அறுத்திருப்பேன்.