கொசு வண்டியில் போன மாமா

பிள்ளைகளா, உங்க மாமா குடியை விடப் போன கதையை உங்க அப்பா நானே எழுதி வைத்துவிடுகிறேன். அவரிடம் கேட்டால், தன்னை ராஜா மாதிரி கூட்டிப் போனார்கள் என்பார்.

அப்போது அவர் கொச்சியில், மட்டாஞ்சேரி அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கூலி கைக்கு வந்ததும் கால் நேராக மதுக்கடைக்குப் போகும். அவரைச் சேர்க்கச் சொல்லி உங்க அம்மா சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதலில் கவுன்சிலிங் முடியட்டும் என்றார்கள். கவுன்சிலிங் ஆபீசில், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வாங்க என்றார்கள். கார்ப்பரேஷனில் வண்டி தருவார்களாம், ஆனால் எங்கே கொண்டுபோய் விடுவது என்று அந்த ரெண்டு பேரும் சொல்லணுமாம். அம்மா மூணு இடத்திலும் போய் அழுதாள்.

பலன், ஒரு நாள் காலையில் மூணு பேரும் ஒன்றாக நம்ம வீட்டில் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், கவுன்சிலிங் ஆபீஸ் சேட்டன், கார்ப்பரேஷன் மேடம். ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதே அன்றைக்குத்தான்.

மாமா குளித்து, பை கட்டி, தயாராக இருந்தார். அவர் மனசு சாயங்காலம் வரைதான் தாங்கும் என்று நமக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாதே. நீங்க முடிவு பண்ணுங்க சிஸ்டர், ஐயோ சேட்டன் சொன்னா சரி, மேடம்தான் சொல்லணும் என்று மரியாதை நீண்டுகொண்டே போனது. மாமாதான் அவர்களுக்குச் சாயா போட்டார். மத்தியானம் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறினார். மறுபடி சாயா. அதற்குள் சாயங்காலம் நெருங்கிவிட்டது. என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"மச்சான், இவங்களுக்குன்னு இன்னொரு தடவை பால் வாங்கப் போனா, நான் திரும்பி வர மாட்டேன்."

நான் போய்ச் சொல்வதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். கார்ப்பரேஷன் வண்டிதான். மாமா தனக்குத்தான் வந்தது என்று பையோடு ஓடி ஏறிக்கொண்டார். அது கொசுப் புகை அடிக்கிற வண்டி! புகையைக் கக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிப் போயே போய்விட்டது.

அப்புறம் பார்க்கணுமே வேலையை. மேடம் டிரைவருக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். நர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒரு கட்டிலுக்குச் சொன்னார். சேட்டன் செருப்பில்லாமல் வண்டி பின்னாலேயே ஓடி, சுள்ளிக்கல் முக்கில்தான் நாங்கள் பிடித்து வந்த ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் மாமாவை மோந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இவர் என்னத்தைக் குடிச்சிருக்கார்?"

"ஒரு சொட்டு தொடல டாக்டர், அது கொசுப் புகை," என்றார் நர்ஸ். "காலையிலேர்ந்து நாங்க மூணு பேரும் இவர்கூடத்தான் இருக்கோம்."

மற்ற ரெண்டு பேரும் தலையாட்டினார்கள். டாக்டர் உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலைக் காட்டினார். மாமா பையைக்கூடக் கீழே வைக்காமல் ஏறிப் படுத்துக்கொண்டார்.