பஸ்ஸில் வருகிற ‘ப’

காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கையால் பாண் ஓட்டோ போகும். தூரத்தில் வரும்போதே அந்த ஒரே மெட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். வாசல் படலையடிக்கு வந்ததும் பேக்கரியில் இருந்து வரும் சூட்டுப் பாணின் வாசனை. நேற்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, பக்கத்து வளவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் தன் மகனிடம், “பாணு வந்திட்டுது, ஓடு” என்று சொன்னது காதில் விழுந்தது. பாண் என்று நிறுத்தாமல் கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்த்து அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்று சிரித்ததில் ஓட்டோ போய்விட்டது. காலைச் சாப்பாடு முதல்நாள் புட்டோடு முடிந்தது.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். இந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது.

என் அக்காவின் மகளுக்குப் பெயர் பானு. எழுதிக் காட்டினால் சண்டைக்கு இடமே இல்லை. பால், பழம் என்று எழுதும்போதும் அதே ‘ப’தான், பஸ், பல்ப் என்று எழுதும்போதும் அதே ‘ப’தான். வாயில் வரும்போதுதான் இரண்டும் வேறாகின்றன. அத்தான் வீட்டுக்காரர் பஸ்ஸில் வருகிற ‘ப’ போட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் பாலில் வருகிற ‘ப’. எங்கள் வீட்டு விதமாக ஒருதரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கடைக்குப் பாண் வாங்கப் போகிற மாதிரித்தான் இருக்கும்.

அத்தானின் பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தவர்கள். ஒரு கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல்கட்டை தூரம். அவர்களைப் பற்றி எங்களுடைய ஆட்கள் கதைத்த கதைகள் எல்லாம் நல்ல கதைகள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அக்காவும் அத்தானும் சந்தித்தது யுத்தம் முடிந்த கையோடு எல்லோரையும் அடைத்து வைத்திருந்த வவுனியா முகாமில், தண்ணீர் பவுசர் லொறிக்கு முன்னால். ஊருக்குத் திரும்பி வந்ததும் அக்கா விஷயத்தைச் சொன்னாள். அப்பா மூன்று மாதம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், “சரி, அந்தப் பெடியனை வரச்சொல்லு” என்றார். அவ்வளவுதான் கலியாணப் பேச்சு.

மண்ணெண்ணெய் மணமும் சாக்கு மணமும் சேர்ந்து எங்காவது வந்தால் எனக்கு இன்றைக்கும் அப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். அவர் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். யுத்த காலத்தில் நிவாரணச் சாமான் முழுக்க அந்தக் கடையால்தான் ஊருக்குப் போகும். நான் நாலு ஐந்து வயதுப் பிள்ளையாக அரிசி மூட்டையின் மேல் ஏறியிருந்து பார்த்திருக்கிறேன். வரிசையில் நிற்பவர்களின் அட்டைகளை வாங்கி அடுக்குவார். யார் வந்திருக்கிறார்களோ அவர்களின் பெயரைக் கேட்டு அட்டையின் மூலையில் பென்சிலால் குறிப்பார். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நல்ல குரல், வெளியே புளியமரத்தடியில் நிற்பவர்களுக்கும் கேட்கும். இலக்கம் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. ஆட்களை ஆடுமாடு மாதிரி எண்ணக்கூடாது என்பார். அது அவருடைய மரியாதை. ஆனால் எந்தப் பெயரும் அவருடைய வாய்க்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். தமிழில் ஒரு சொல்லும் பஸ்ஸில் வருகிற ‘ப’வில் தொடங்காது என்பது அவருடைய சட்டம். அப்படியென்றால் பஸ்ஸை என்னவென்று சொல்வது என்று நான் வளர்ந்தபிறகு கேட்டேன். “பஸ் என்ன தமிழே?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். பானுவும் தமிழ்ச்சொல் இல்லையே என்று திருப்பிச் சொல்ல எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. எனக்குச் சரியான பதில்கள் எப்போதும் அடுத்தநாள் கிணற்றடியில்தான் வரும்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கிற நாள். அத்தானின் அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், ஒரு கைப்பை நிறையத் தேயிலைத்தூளும் ஒரு சின்னச் சட்டையுமாக வந்திருந்தார். பிள்ளைக்கு வைத்த பெயர் அத்தானின் அக்காவினுடையது. அவர் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர் என்ற அளவுக்கு எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் மேலே கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்த காலம், கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அப்பா பிள்ளையை மடியில் வைத்துக் காதுக்குள் மூன்றுதரம் பெயரைச் சொன்னார். மூன்றுதரமும் பாலில் வருகிற ‘ப’. காதுக்குள் சொல்வதென்றாலும் அவருடைய குரலில் அது சமையல் நடந்த குசினி வரைக்கும் கேட்டது. மாமி எழுந்து நின்றார்.

“அது எங்க புள்ள பேரு இல்லீங்க” என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அப்பா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “எழுத்து ஒண்டுதானே” என்றார். மாமி பிள்ளையை வாங்கி நெற்றியில் முத்தம் வைத்து அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார். அக்கா அழுதாள். அத்தான் படலை வரைக்கும் போய், அம்மாவுடன் போவதா மனைவியுடன் நிற்பதா என்று தெரியாமல் வெயிலில் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைத் தன் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவார். சில நாட்களில் நானும் சைக்கிளில் பின்னால் போவேன். என்னைப் போல இரட்டை நாக்குக்காரி அந்த வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டாள். அங்கே பஸ், இங்கே பால். எங்கள் சந்தியில் சைக்கிள் திரும்பும்போதே என் வாயும் திரும்பிவிடும். பிள்ளை இரண்டுக்கும் சிரித்தது. அப்பா ஒருதரம் கூப்பிடும்போது அத்தான் எழுந்து வெளியே போனதையும், அன்றிரவு அக்காவும் அத்தானும் பேசாமல் சாப்பிட்டதையும் நான் கண்டேன். அக்கா ஒருநாள் என்னிடம், பேரையே மாற்றிவிடலாமா என்று கேட்டாள். ஒரு எழுத்துக்கு இவ்வளவு பாடா என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

நான் அந்த நாட்களில் கிளிநொச்சியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. கடை என்றால் நாலு தகரம், ஒரு இயந்திரம், ஒரு பழைய கொம்பியூட்டர். ஊர் முழுக்க வீட்டுத்திட்டத்துக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நேரம். ஆங்கிலத்தில் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒருநாள் மத்தியானம் அத்தான் தன் படிவத்தோடு வந்தார். அவருடைய பெயர், அக்காவின் பெயர் எல்லாம் அடித்துவிட்டுப் பிள்ளையின் பெயருக்கு வந்தேன்.

“பி போடு” என்றார்.

பி போட்டேன்.

“இது இல்ல. மத்த பி.”

திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அழித்துவிட்டு அவர் சொன்ன எழுத்தைப் போட்டேன். நான் அச்செடுத்துக் கொடுத்த படிவத்தை மை காய்வதற்காக மேசையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கதைக்கத் தொடங்கினார்.

அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது சங்கக்கடைக்கு அட்டை கொண்டுபோவது பானு அக்காதான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பையைத் தூக்க இவரும் கூடப்போவார். எங்கள் அப்பா கூப்பிடுவார், பானு அக்கா அசைய மாட்டாள். இன்னும் ஒருதரம் கூப்பிடுவார், அப்போதும் அசைய மாட்டாள். அட்டை அடியில் போய்விடும். எல்லோரும் சாமான் வாங்கிக்கொண்டு போய் முடிந்தபிறகு இவர்கள் இரண்டு பேரும் நிற்பார்கள். கூப்பிடும்போது ஏன் வரவில்லை என்று அப்பா கேட்டாராம். “நீங்க என்னையக் கூப்புடலீங்க ஐயா” என்றாளாம். அடுத்த கிழமையும் இப்படித்தான். வீட்டில் மாமி ஏசுவார், ஒரு பேருக்காகப் பொழுதுபடும்வரை நிற்கவேண்டுமா என்று. அவள் கேட்கவில்லை. சாமான் எடுத்த காலம் முழுக்க அவர்கள்தான் கடைசி.

“அவ கடைசியாப் போனதும் ஒரு வரிசைக்குத்தான்” என்றார் அத்தான். “முள்ளிவாய்க்கால்ல கஞ்சி குடுக்கிறாங்கன்னு பாத்திரத்தை எடுத்துக்கிட்டுப் போனா. செல் விழுந்து வெடிச்ச பிறகு நாங்க தேடிப் போனோம். ஒண்ணும் கிடைக்கல.”

இயந்திரம் சூடேறி நின்றிருந்தது. வெளியே யாரோ அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தான் அவர்களுக்கு இடம்விட்டு, குரலைத் தாழ்த்தி மிச்சத்தைச் சொன்னார். காணாமல் போனவர்களைப் பதியும் இடங்களுக்கெல்லாம் மாமி போனார். போகிற இடமெல்லாம் பெயரைப் பிழையாகத்தான் வாசித்தார்கள். இப்படி வாசித்தால் என் பிள்ளை எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்க்காது என்று அவர் அங்கேயே சண்டை பிடித்திருக்கிறார். பேத்திக்கு அந்தப் பெயரை வைக்க முதலில் அவருக்கு விருப்பமில்லை. வைத்தால் அவள் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்தார். ஒரு கிழமை யோசித்துவிட்டுத்தான் ஓம் என்றாராம்.

“‘எம் மக வந்தா, கூப்புடுறப்ப ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கட்டும். ஆனா சரியாக் கூப்புடணும்.’ அதைத்தான் அம்மா சொன்னாங்க.” அத்தான் படிவத்தை மடித்தார். “உங்கப்பா தெரிஞ்சுக்கிட்டேதான் அப்பிடிக் கூப்புடுறாருன்னு அம்மா நெனைக்கிறாங்க.”

அப்பாவுக்குத் தெரியாது. காணாமல் போன இருபத்தாறு வயதுப் பெண்ணை, வரிசையில் நின்ற அந்தச் சின்னப் பிள்ளையோடு அவர் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அன்று பின்னேரம் அவர் துருவுபலகையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை நின்றுவிட்டது.

“ஓம்” என்றார் பிறகு. “மஞ்சள் சட்டை. தம்பியாரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். நான் செவிடெண்டு நினைச்சனான்.”

அதற்குப் பிறகுதான் கூத்து. அடுத்தநாள் விடிய நான் முகம் கழுவப் போக, கிணற்றுக்கட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “பஸ். பல்ப். பெல். பஸ். பல்ப். பானு.” கடைசிச் சொல் வரும்போது மறுபடியும் பாலுக்குப் போய்விடும். திரும்பவும் பஸ்ஸிலிருந்து தொடங்குவார். ஐந்தாறு நாள் இப்படி நடந்தது. யாரும் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தா. பிறகு அதே தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் பிள்ளையோடு முன்னால் போய்விட்டார். அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் என் சைக்கிளில். மாமியின் வளவில் கச்சான் கடலை காயப்போட்டிருந்தார்கள். ஒரு வயது கடந்த பிள்ளை அதன் நடுவில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து எறிந்துகொண்டிருந்தது. மாமி சுளகோடு நின்றவர் எங்களைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்தார். வாங்கோ என்றும் சொல்லவில்லை.

அப்பா படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே, சங்கக்கடையில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

“பானு.”

பஸ்ஸில் வருகிற ‘ப’. கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்றும் சொல்லலாம். பிள்ளை திரும்பிப் பார்த்தது. மாமியும் திரும்பினார், ஆனால் அவர் பார்த்தது அப்பாவை இல்லை, அப்பாவுக்குப் பின்னால் இருந்த றோட்டை. பிறகுதான் அப்பாவைப் பார்த்தார்.

“அப்ப ஒருநாள்கூட நான் சரியாக் கூப்பிடேல்லை” என்றார் அப்பா. “அறியாமல் செய்துபோட்டன், தங்கச்சி.”

மாமி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். வந்து படலையைத் திறந்தார்.

“இப்பக் கூப்புட்டுட்டீங்கல்ல. வெயில்ல நிக்காம உள்ள வாங்க.”

இஞ்சி போட்ட தேத்தண்ணி தந்தார். அப்பா வழக்கத்துக்கு மாறாக இரண்டு கோப்பை குடித்தார். அந்தச் சங்கக்கடையில் பருப்புக்குள் கல் கிடந்த கதையெல்லாம் மாமி எடுத்துவிட, அப்பா அதற்கும் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தார். அன்றைக்குத்தான் அக்காவை வரச்சொல்லி ஆள் அனுப்பி, எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அதற்குப் பிறகும் அப்பாவுக்கு இடைக்கிடை வழுக்கும். வழுக்கினால் தானே நின்று திருத்திச் சொல்வார். பிள்ளை நடக்கத் தொடங்கியபிறகு, திருத்தும்வரை வராமல் நின்று அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

பானுவுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஒரே வசனத்தில் ஓம் என்றும் சொல்வாள், ஆமாங்க என்றும் சொல்வாள். அப்பா போன வருடம் மாரியில் காலமானார். சங்கக்கடைக் கட்டடத்தை இடித்து வீதி அகலித்துவிட்டார்கள், அதன் முன்னால் நின்ற புளியமரமும் இல்லை. அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எந்த எந்த நாட்டிலோ. மாமி மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வளவிலேயே ஒரு அறை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பொழுதுபடும் நேரம் படலையடியில் நின்று அவர் பேத்தியைக் கூப்பிடுவார். முன்பெல்லாம் கூப்பிட்ட உடனே அவருடைய கண் முதலில் றோட்டுக்குத்தான் போகும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையிடம் வரும். அந்தப் பார்வை எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். இப்போது அவர் கூப்பிடுகிறார், சைக்கிளில் வருகிற பிள்ளையை மட்டும் பார்க்கிறார், “ஏன்டி இவ்வளவு நேரம்” என்று ஏசுகிறார்.